மொட்டமாடி அக்கா பதில்கள்: சிவப்பும் வெள்ளையும் சேந்தா ரோஸ் கலர் வருமா?

போன மாசம் பக்கத்தோட அடியில, பூ கலர் பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா எழுதுங்கன்னு சும்மா ஒரு வரி போட்டேன், அதுக்கு இத்தனை வரும்னு நினைக்கவே இல்ல. பாதிப் பேர் நீல ரோஜாதான் கேட்டிருக்கீங்க, அதையெல்லாம் ஒரே கேள்வியா கட்டிட்டேன். மீதியில எனக்கு கைப்பழக்கம் இருக்கறதை மட்டும் எடுத்துக்கிட்டேன். நான் காலேஜ்ல படிச்சது காமர்ஸ், பூ விஷயமெல்லாம் பெங்களூர் அல்சூர் மொட்டமாடியில பதினெட்டு வருஷமா பிரஷ்ஷும் கையுமா நின்னதுலயும், லால்பாக் பக்கத்துல சித்தாபுரா நர்சரிக்காரங்க வாயைக் கிளறினதுலயும், ராத்திரி உக்காந்து படிச்சதுலயும் வந்தது.

அக்கா, எங்க வீட்ல சிவப்பு செம்பருத்தியும் வெள்ளை செம்பருத்தியும் பக்கத்து பக்கத்துல இருக்கு. ரெண்டையும் சேத்தா ரோஸ் கலர் வருமா? எப்படி சேக்கறது?
— மர்ஃபி டவுன் வாசகி

வரலாம், வராமலும் போகலாம், ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாம ஆரஞ்சுல ஒண்ணு வந்து நிக்கவும் நிக்கலாம். பெயிண்ட் டப்பா ரெண்டை ஊத்திக் கலக்கற மாதிரி இல்லம்மா இது. செம்பருத்திக்கு, குணத்தைத் தூக்கிட்டு வர்ற குரோமோசோம் செட்டு நிறைய, அதுலயும் கடையில கிடைக்கற ஹைப்ரிட்டுக்குள்ள எத்தனை பாட்டன் பூட்டன் கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால ஒரே காயில இருந்து எடுத்த பத்து விதை பத்து விதமா பூக்கும். எனக்கு இந்த விளையாட்டுல பைத்தியம் பிடிச்சதே அதனாலதான்.

முதல்ல உங்க சிவப்பு எதுன்னு பாருங்க. பூஜைக்குப் பறிக்கற நாட்டு அடுக்கு செம்பருத்தின்னா அது காய் பிடிக்கறது ரொம்ப அபூர்வம், தலைமுறை தலைமுறையா கட்டிங்லயே வந்த செடி, விதை போடறதையே மறந்துபோச்சுன்னு வச்சுக்கோங்க. நர்சரியில பூனா வெரைட்டின்னு பெரிய பெரிய பூவா விக்கறாங்களே, அதுல சிலது நல்லா காய்க்கும். எது காய்க்கும்னு சேத்துப் பாத்தாதான் தெரியும்.

பூ விரிஞ்ச அன்னிக்கே காலையில எட்டுலேருந்து பத்துக்குள்ள செய்யணும், ஏன்னா செம்பருத்திக்கு ஆயுசே ஒரு நாள். நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கற தண்டோட நுனியில வெல்வெட் மாதிரி அஞ்சு புள்ளி இருக்கும், அதுதான் அம்மா. அதுக்குக் கீழ மஞ்சப் பொடியா தொங்கறது அப்பா. அப்பாவா எடுத்துக்கற பூவைப் பறிச்சுட்டு வந்து, அம்மாவா இருக்கற பூவோட அஞ்சு புள்ளியிலயும் பொடி ஒட்டற மாதிரி லேசா தடவுங்க, காம்புல ஒரு நூல் கட்டுங்க, நோட்ல தேதியோட எழுதுங்க. அம்மா எது அப்பா எதுன்னு எழுதியே ஆகணும். ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் இருக்கும்னு நானும் நினைச்சேன், இருக்காது. பூ உதிர்ந்தும் அடியில பச்சையா குமிழ் நின்னு பெருத்தா பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம், கிட்டத்தட்ட ரெண்டு மாசத்துல காய் பழுப்பாகி வெடிக்கும். விதையோட தோல்ல நெயில் கட்டரால ஒரு சின்ன கீறல் போட்டு விதைச்சா சீக்கிரம் முளைக்கும். அது பூக்க எட்டு மாசமும் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். நம்ம ஊர்ல அக்டோபர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் செஞ்சா நல்லா பிடிக்குது, ஏப்ரல் வெயில்ல நான் செஞ்சது முக்கால்வாசி உதிர்ந்துதான் போச்சு.

ஒரு எச்சரிக்கை. நான் முதல் முதல்ல பச்சை நூல் கட்டி வச்சிருந்த பூவை மாமியார் பிள்ளையாருக்கு சாத்திட்டாங்க. நூலோட. "நூல் கட்டியிருந்துச்சே, நீதான் சாமிக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்னு நினைச்சேன்"னு ஒரே வார்த்தை, அதுக்கு மேல நான் என்ன பேசறது. இப்போ தயிர் டப்பாவை வெட்டி லேபிள் மாட்டறேன், அதுல "தொடாதீங்க"ன்னு தமிழ்லயும் கன்னடத்துலயும் எழுதி வச்சிருக்கேன்.

உண்மையிலேயே சிவப்பு வெள்ளை சேந்து ரோஸ் ஆகறதைக் கண்ணால பாக்கணும்னா செம்பருத்தியை விடுங்க, அந்திமந்தாரையில ஆரம்பிங்க. கார்ல் கோரன்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர், பட்டாணிச் செடியை வச்சு பரம்பரைக் குணத்துக்கு மெண்டல் போட்ட கணக்கை 1900-ல தூசி தட்டி வெளிய எடுத்த மூணு பேர்ல ஒருத்தர், அவர் பாத்ததே அந்திமந்தாரையிலதான். சிவப்பையும் வெள்ளையையும் சேத்தார், வந்த குழந்தைங்க எல்லாமே ரோஸ். அந்த ரோஸ்ல விதை எடுத்துப் போட்டா நாலுக்கு ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை, ரெண்டு ரோஸ். அதாவது நீங்க ஆசையா வளத்த ரோஸ்லேருந்து விதை எடுத்து தங்கச்சிக்குக் குடுத்தா, பாதிச் செடி வேற கலர்ல பூத்து நீங்க பொய் சொன்னதா ஆகிடும். சாயங்காலம் நாலு நாலரைக்கு விரியற பூ, அதனால மூணு மணிக்கே மொட்டைப் பிரிச்சு உள்ள இருக்கற மகரந்தப் பையை ட்வீசரால எடுத்துடணும், இல்லாட்டி அது தன்னைத்தானே சேத்துக்கும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு கருப்பு விதைதான், அதனால இருபது பூவாவது செய்யுங்க. கோடு கோடா, புள்ளி புள்ளியா பூக்கற செடி இருந்தா அதை இந்தக் கணக்குல சேக்காதீங்க, அது வேற கதை, குழப்பிடும்.

நீல ரோஜா விதை ஆன்லைன்ல நூறு விதை தொண்ணூத்தொம்பது ரூபான்னு போட்டிருக்காங்க. வாங்கலாமா? வாங்கினேன், முளைச்சது ஏதோ கீரை மாதிரி இருக்கு, ரோஜாதானா?
— விவேக் நகர், ஸ்ரீராமபுரம், ஃப்ரேசர் டவுன், இன்னும் ஒன்பது பேர்

வாங்காதீங்க. கீரை மாதிரி இருந்தா அது கீரையாவே இருக்கலாம், பூ வந்தப்புறம் எழுதுங்க.

ரோஜாவுக்கு ஏன் நீலம் வராதுன்னா, நீலத்துக்கு அடிப்படையான டெல்ஃபினிடின்ங்கற நிறமியைச் செய்யற ஜீனே அதுகிட்ட கிடையாது. ரோஜாவோட ரோஜாவை எத்தனை தலைமுறை சேத்தாலும் இல்லாத சாமான் எங்கேருந்து வரும், புளி வாங்காத வீட்ல போய் புளிக்குழம்பு கேக்கற மாதிரிதான். நர்சரியில ப்ளூ மூன்னு ஒரு ரோஜா விக்கறாங்க, 1960-கள்ல ஜெர்மனியில வந்தது, நல்ல வாசனை, எங்கிட்டயும் இருக்கு. ஆனா கலர் நீலம் இல்ல, துவைச்சு துவைச்சு வெளுத்த ஊதாப் பாவாடை கலர். எனக்கு அது பிடிக்கும், பேரைப் பாத்து வாங்கிட்டு வந்து நர்சரிக்காரரோட சண்டை போடாதீங்க.

ஜப்பான்ல சன்டோரின்னு ஒரு கம்பெனி, விஸ்கி பண்றவங்கதான், ஆஸ்திரேலியாவோட ஃப்ளோரிஜீன்கூட சேந்து 1990-லேருந்து இதுக்கே உக்காந்தாங்க. பான்சிச் செடியோட ஜீனை எடுத்து ரோஜாவுக்குள்ள வச்சு, 2004-ல பூத்திடுச்சுன்னு அறிவிச்சு, 2009-ல அப்ளாஸ்னு பேர் வச்சு ஜப்பான்ல விக்க ஆரம்பிச்சாங்க. அதோட படத்தைத் தேடிப் பாருங்க, அதுவும் இளம் ஊதாதான்! இதழ்ல சேர்ற நிறமி கிட்டத்தட்ட மொத்தமும் டெல்ஃபினிடின்தான், அப்படியும் நீலமா தெரியல.

ஏன்னு கிச்சன்லயே பாக்கலாம். சங்குப்பூவை வெந்நீர்ல போட்டா நீலமா வரும், அதுல நாலு சொட்டு எலுமிச்சை பிழிஞ்சா ஊதாவா, அப்புறம் ரோஸா திரும்பும். நிறமி அதேதான், புளிப்பு ஏறினதும் கலர் சாயுது. ரோஜா இதழோட செல்லுக்குள்ள இருக்கற சாறு இயல்பாவே கொஞ்சம் புளிப்பு, அதனால நீல நிறமியைக் கொண்டுவந்து உள்ள வச்சாலும் ஊதாப் பக்கம் இழுத்துடுது. இதைப் படிச்ச அன்னிக்கு நான் ஒரு டம்ளர் சங்குப்பூ டீயை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் விளையாடினேன், டீ ஆறிப்போச்சு.

நம்ம சங்குப்பூவுக்கு இன்னொரு பெருமையும் இருக்கு. 2017-ல ஜப்பான்ல நிஜமாவே நீலமா ஒரு சாமந்தி பண்ணாங்க, அதுக்கு ரெண்டு ஜீன் தேவைப்பட்டுது, ஒண்ணு காம்பனுலாங்கற மணிப்பூவோடது, இன்னொண்ணு சங்குப்பூவோடது. வேலியில படர்ந்து கிடக்கற கொடிதானேன்னு நாம நினைக்கறோம், அது அங்க போய் சாமந்திக்கு நீலம் பூசிட்டு வந்திருக்கு. ஆனா இதெல்லாம் லேப்ல ஜீன் மாத்தினது, நம்ம நாட்ல அப்படிப்பட்ட செடி வளக்கவே தனி அனுமதி வேணும், அது நூறு விதை தொண்ணூத்தொம்பது ரூபாய்க்கு வராது. இன்னொண்ணு, ரோஜா விதை போட்டா எப்படியும் தாய் மாதிரி பூக்காது, அதனால எந்தக் கலர் ரோஜாவையும் விதையா விக்கறவங்களை நம்பாதீங்க. வானவில் ரோஜான்னு ஒரு பூவுக்குள்ள ஏழு கலர் காட்டறாங்களே, அது காம்பை நாலா கீறி ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு சாயத் தண்ணியில நிக்க வச்சது.

ஊட்டியில நீலமா இருந்த ஹைட்ரேஞ்சியா வாங்கிட்டு வந்தோம். இங்க வந்து ரோஸா பூக்குது. ஏமாத்திட்டாங்களா?
— இந்திரா நகர், ஒரு தம்பதி

இல்லங்க, அவங்க பாவம். ஹைட்ரேஞ்சியாவுக்கு கலர் விதையில மட்டும் இல்ல, மண்ணுலயும் இருக்கு. மண்ணு புளிப்பா, அதாவது புளிப்பை அளக்கற பிஹெச் கணக்குல அஞ்சரைக்குக் கீழ இருந்தா அலுமினியம் கரைஞ்சு வேருக்குள்ள போகும், பூ நீலமாகும். ஆறரைக்கு மேல போனா அலுமினியம் மண்ணுலயே பூட்டிக்கும், பூ ரோஸ். ஊட்டி மண்ணு புளிப்பு. உங்க வீட்ல போர் தண்ணி ஊத்தறீங்கன்னு நினைக்கறேன், குழாய்ல வெள்ளையா உப்பு படியுதுல்ல, அதேதான் தொட்டியிலயும் படிஞ்சு மண்ணோட புளிப்பைக் குறைச்சுடும்.

மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க, எலும்புத்தூள் போடாதீங்க, அதுல இருக்கற பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். படிகாரம் ஒரு லிட்டர் தண்ணிக்கு மூணு கிராம் கரைச்சு பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை, மொட்டு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும். அதிகம் போட்டா வேர் கருகிடும். வெள்ளை ஹைட்ரேஞ்சியா எது செஞ்சாலும் வெள்ளைதான், அதுகிட்ட முயற்சி பண்ணாதீங்க.

கருஞ்சிவப்புல அடுக்கு அடீனியம் விலை குடுத்து வாங்கினேன். ரெண்டு வருஷம் கழிச்சு சாதா ரோஸ் பூவா பூக்குது. செடி கலர் மாறிடுச்சா?
— ஆஸ்டின் டவுன் வாசகர்

செடி மாறல சார், ஆள் மாறிடுச்சு. நீங்க வாங்கினது ஒட்டுச்செடி, கீழ குண்டா இருக்கற அடித்தண்டு விதையில வந்த சாதா அடீனியம், மேல ஒட்டின குச்சிதான் உங்க கருஞ்சிவப்பு. ஒட்டுக்குக் கீழேருந்து ஒரு கிளை வந்திருக்கும், அது வேகமா வளரும், மேல இருக்கறதைப் பட்டினி போட்டுக் கொன்னுடும். ஒட்டுத் தழும்பைத் தேடிப் பாருங்க, அதுக்கு மேல உயிர் இருந்தா கீழ வர்றதையெல்லாம் கிள்ளிப் போடுங்க. இல்லாட்டி ரோஸ் அடீனியமும் அழகுதான்.

ஹைப்ரிட் பெட்டூனியா பாக்கெட் வாங்கினேன், எல்லாம் ஒரே மாதிரி வெல்வெட் ஊதா. அதுலேருந்து விதை எடுத்துப் போட்டா வெள்ளை, வெளிர் ரோஸ், கோடு போட்டதுன்னு கண்டபடி வருது. என்ன தப்பு பண்ணினேன்?
— ஜாலஹள்ளி, ஒரு ரிடையர்டு அம்மா

ஒரு தப்பும் இல்ல. எஃப்1னு பாக்கெட்ல போட்டிருக்கும் பாருங்க, ரெண்டு சுத்தமான பரம்பரையை ஒவ்வொரு வருஷமும் புதுசா சேத்து எடுத்த முதல் தலைமுறை அது, அதனால எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். அதுலேருந்து நீங்க எடுத்த விதை ரெண்டாந்தலைமுறை, தாத்தா பாட்டிகிட்ட ஒளிஞ்சிருந்ததெல்லாம் அங்கதான் வெளிய வரும். கம்பெனிக்காரங்களுக்கு அதனால நஷ்டம் இல்ல, நீங்க வருஷா வருஷம் பாக்கெட் வாங்குவீங்க.

ஆனா எனக்குக் கேட்டா, பாக்கெட்டை விட உங்க ரெண்டாந்தலைமுறைதான் சுவாரஸ்யம். அபூர்வ கலர் தேடறவங்க அங்கதான் தேடணும், முதல் தலைமுறையில ஒண்ணும் தேறலைன்னு செடியைப் பிடுங்கிடறதுதான் எல்லாரும் பண்ற பெரிய தப்பு. ஸ்வீட் பீ கதை தெரியுமா, நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பேட்சன்ங்கற விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவங்களும் ரெண்டு வெள்ளை ஸ்வீட் பீயை சேத்தாங்க, வந்த குழந்தை அத்தனையும் ஊதா! வெள்ளையும் வெள்ளையும் சேந்து ஊதா. ஏன்னா கலர் செய்ய ரெண்டு சாமான் வேணும், ஒரு வெள்ளைகிட்ட அரிசி இருந்துச்சு உளுந்து இல்ல, இன்னொண்ணுகிட்ட உளுந்து இருந்துச்சு அரிசி இல்ல. சேந்ததும் இட்லி ஆயிடுச்சு. அதோட அடுத்த தலைமுறையில பதினாறுக்கு ஒன்பது கலர், ஏழு வெள்ளை. அதனால வெளிறின பூவை அலட்சியமா நினைக்காதீங்க, அதுக்குள்ள என்ன பாதி சமையல் கிடக்குன்னு வெளிய பாத்து சொல்லவே முடியாது.

டெல்லி கனகாம்பரம் அஞ்சு வருஷமா வச்சிருக்கேன், ஒரு விதை கூட பிடிக்கல. மஞ்சள் கனகாம்பரத்தோட சேத்துப் பாக்கலாம்னு ஆசை.
— கே.ஜி.எஃப்லேருந்து வந்து கோரமங்களாவுல இருக்கற வாசகி

டெல்லி கனகாம்பரம் விதையே பிடிக்காதும்மா. சாதாரணமா செடிக்கு குரோமோசோம் ஜோடி ஜோடியா இருக்கணும், இதுக்கு மூணு செட்டு, வாழைப்பழத்துல விதை இல்லாததுக்கும் இதேதான் காரணம். அதனாலதான் அதை எல்லாரும் கட்டிங்லயே வளக்கறாங்க, வேலைக்கு ஆகாத செடின்னு இல்ல, பூ நல்லா பெருசு, தலையில வச்சா வாடாம நிக்கும், ஆனா கலர் ஆராய்ச்சிக்கு அது முட்டுச்சந்து.

நாட்டு ஆரஞ்சு கனகாம்பரத்தைப் பிடிங்க. அது காய்க்கும், காஞ்ச காயில தண்ணி பட்டா பட்னு வெடிச்சு விதை தெறிக்கும். சின்ன வயசுல எச்சில் தொட்டுக் கையில வச்சு வெடிக்க விட்டு விளையாடாத தமிழ்ப் பொண்ணு இருக்காளா என்ன. அதனால காய் பழுக்கறதுக்கு முன்னாடியே கதிரோட மேல நெட் பை மாட்டுங்க, கல்யாணத்துல தாம்பூலம் போட்டுத் தர்றாங்களே அந்தப் பை, எங்க வீட்ல அதுக்காகவே எல்லா கல்யாணத்துக்கும் போறேன். ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் சேத்து வர்றதை எனக்கும் எழுதுங்க. ஹெசரகட்டாவுல இருக்கற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல அர்கா அம்பரா, அர்கா கனகான்னு கனகாம்பரத்துலயே புது ரகம் விட்டிருக்காங்க. சம்பங்கியில ப்ரஜ்வல்னு விட்டதும் அவங்கதான், ஷ்ருங்காரையும் மெக்சிகன் சிங்கிளையும் சேத்தது, மொட்டு நுனியில லேசா ரோஸ் தட்டும், விரிஞ்சா வெள்ளை. சிட்டி மார்க்கெட்ல சம்பங்கி மாலை வாங்கறப்போ மொட்டு நுனியைப் பாருங்க.

வீட்ல சும்மா தொட்டியில வளக்கற நம்மளால யாருக்கும் இல்லாத கலர் கொண்டுவர முடியுமா, இல்ல இதெல்லாம் விஞ்ஞானிங்களுக்கு மட்டும்தானா? உண்மையைச் சொல்லுங்க.
— சிவாஜி நகர் வாசகர்

முடியும். துலுக்கச் சாமந்தி கதையைச் சொல்றேன், செண்டுப்பூன்னு இங்க சொல்றாங்களே அது. அதுல மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு எல்லாம் உண்டு, வெள்ளை கிடையாது. அமெரிக்காவுல பர்ப்பின்னு ஒரு விதைக் கம்பெனி, அதோட முதலாளி டேவிட் பர்ப்பிக்கு இந்தப் பூ மேல அப்படி ஒரு பிரியம், 1954-ல வெள்ளை செண்டு கொண்டுவர்றவங்களுக்கு 10,000 டாலர்னு அறிவிச்சார். இருபத்தொரு வருஷம் ஆச்சு, 1975-ல அந்தப் பணத்தை வாங்கினது அயோவாவுல சல்லிங்கற சின்ன ஊர்ல இருந்த ஆலிஸ் வோங்க்னு ஒரு அம்மா. லேப் கிடையாது, மைக்ரோஸ்கோப் கிடையாது, வருஷா வருஷம் தோட்டத்துல இருக்கறதுலயே வெளிறின பூவாப் பாத்து அதோட விதையை மட்டும் எடுத்து அடுத்த வருஷம் போட்டாங்க, அவ்வளவுதான் வித்தை.

அவ்வளவுதான்னு சொல்லிட்டேன், செய்யறது கஷ்டம். நான் நாலு வருஷம் செஞ்சு எலுமிச்சை மஞ்சள் வரைக்கும் வந்தேன், அஞ்சாவது வருஷம் வரமகாலட்சுமி பூஜையப்போ பூ விலை ஏறிப்போச்சுன்னு வீட்ல ஒருத்தர் விதைக்கு விட்டிருந்ததையெல்லாம் பறிச்சுட்டாங்க. (மறுபடியும் யாருன்னு கேக்காதீங்க, இதே பத்திரிகையை அவங்களும் படிக்கறாங்க.) நீங்க செய்றதா இருந்தா ஒரு விஷயம், செண்டு பெரும்பாலும் வேற செடியோட மகரந்தம் வந்தாதான் நல்லா விதை பிடிக்கும், அதனால ஒரே ஒரு வெளிர் செடியை வச்சுக்கிட்டு பிரயோஜனம் இல்ல, நாலஞ்சு வெளிர் செடியை ஒண்ணா வச்சு, அடர் கலர் செடி பூக்க ஆரம்பிச்ச உடனே, அழகா இருக்கேன்னு பாக்காம, பிடுங்கிடணும். எனக்கு இன்னும் அந்தக் கை வரல, தொட்டியோட தூக்கிப் போய் கீழ் வீட்ல குடுத்துடுவேன், தேனீ அங்கேருந்து மேல வந்து அதோட வேலையைக் காட்டிட்டுப் போகும்.

எந்தச் செடியில எந்தக் கலர் வர வாய்ப்பே இல்லன்னு தெரிஞ்சுக்கறது பாதி வேலை. காகிதப்பூ, அந்திமந்தாரை, பத்துமணிப்பூ, கோழிக்கொண்டை, வாடாமல்லி, இதுங்களுக்கெல்லாம் கலர் குடுக்கறது பீட்டாலைன், பீட்ரூட்ல இருக்கற வகையறா. அதுல மஞ்சள்லேருந்து மெஜந்தா வரைக்கும் என்னென்னவோ வரும், சங்குப்பூ நீலம் வராது. ரோஜா, செம்பருத்தி, காசித்தும்பை, பெட்டூனியாவுக்கு ஆந்தோசயனின்ங்கற வேற வகை நிறமி. ரெண்டு வகையும் ஒரே செடியில சேந்து இருந்ததா இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல, பங்காளிச் சண்டை மாதிரி. அதனால நீல காகிதப்பூன்னு படம் போட்டு வந்தா பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க.

என் காகிதப்பூவுல ஒரே ஒரு கிளை மட்டும் வெள்ளையா பூக்குது, மத்ததெல்லாம் மெஜந்தா. நோயா?
— பாணஸ்வாடி வாசகி

நோய் இல்ல, லாட்டரி. வளர்ற நுனியில ஏதோ ஒரு செல்லுல மாத்தம் வந்து அது ஒரு கிளையாவே வளந்திருக்கு. மேரி பாமர்னு ஒரு காகிதப்பூ ரகம் இருக்கே, ஒரே செடியில வெள்ளையும் மெஜந்தாவும் பூக்கறது, அப்படி ஏற்கனவே வாங்கி வச்சிருக்கீங்களான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா அந்தக் கிளையில பென்சில் தடிமன்ல மூணு நாலு கட்டிங் எடுத்து வேர் விட வைங்க, மழைக்காலம் தொடங்கறப்போ நல்லா பிடிக்கும். அதுல வெள்ளையாவே பூத்தா உங்களுக்கு ஒரு புதுச் செடி. சிலது பழையபடி மெஜந்தாவுக்குத் திரும்பும், அதை மறுபடி வெட்டணும். ரோஜாவுல பீஸ்னு ஒரு பேர் போன ரகம், அதுல ஒரு கிளை இப்படி மாறினதுதான் சிகாகோ பீஸ், அதையே தனியா வித்தாங்க. லக்னோவுல இருக்கற என்பிஆர்ஐங்கற தாவர ஆராய்ச்சி நிலையத்துல சாமந்தி, காகிதப்பூவுக்கெல்லாம் காமா கதிர் காட்டி இந்த மாதிரி மாத்தத்தை வரவழைக்கறாங்க, உங்களுக்கு சும்மாவே வந்திருக்கு.

இலையும் சேந்து சுருங்கி, மஞ்சக் கோடு விழுந்து, செடி குன்னிப்போச்சுன்னா மட்டும் கதை வேற, அது வைரஸ். ஹாலந்துல 1630-கள்ல கோடு போட்ட ட்யூலிப் கிழங்குக்கு வீட்டு விலை குடுத்தாங்களே, அந்தக் கோடே வைரஸ் போட்டதுன்னு முன்னூறு வருஷம் கழிச்சு 1928-லதான் தெரிய வந்துச்சு, அசுவினி பரப்பின நோய்க்குத்தான் அத்தனை காசு. கல்வாழையில கோடு விழுந்தா அழகா இருக்குன்னு பக்கத்துல வைக்காதீங்க.

அக்கா, நான் பி.எஸ்ஸி படிக்கறேன். கோல்ச்சிசின் போட்டா புது கலர் வரும்னு சொல்றாங்க. செங்காந்தள் விதையிலேருந்து நானே எடுக்கலாமா?
— ஒரு மாணவன், ஹெப்பால்

கூடாது தம்பி, கண்டிப்பா கூடாது. அது விஷம், செங்காந்தள் கிழங்கையும் விதையையும் சாப்பிட்டு உயிர் போனவங்க உண்டு. மூட்டுவலி மருந்தாவே டாக்டர் ரொம்ப அளந்துதான் குடுப்பாங்க. நம்ம மூலனூர், தாராபுரம் பக்கம் விவசாயிங்க விதைக்காகவே பயிர் பண்றது இந்த மருந்துக்காகத்தான். லேப்ல, க்ளவுஸ் போட்டு, ப்ரொபசர் பக்கத்துல இருந்தா மட்டும் தொடுங்க.

அது கலரைக் கொண்டுவர்றதில்ல, குரோமோசோம் செட்டை ரெட்டிப்பாக்கும், அதனால பூ பெருசா, இதழ் தடிப்பா ஆகலாம், சில சமயம் மலட்டு ஹைப்ரிட் காய்க்கவும் ஆரம்பிக்கும், அதை வச்சுக் கலர் வேலையை மேல கொண்டு போகலாம். ஜானகி அம்மாள் பேரைக் கேட்டிருப்பீங்க, தலச்சேரியில பிறந்து, மெட்ராஸ்ல படிச்சு, கோயம்புத்தூர்ல கரும்புல வேலை பாத்தவங்க, இங்கிலாந்துல விஸ்லி தோட்டத்துல மக்னோலியாவுக்கு கோல்ச்சிசின் வச்சுப் பாத்தாங்க, அவங்க பேர்லயே ஒரு வெள்ளை மக்னோலியா இருக்கு. கொடைக்கானல்ல வீரராகவன், கிரிஜா தம்பதி மணிப்பூர் காட்டு ரோஜாவையெல்லாம் சேத்து நம்ம சூட்டுக்குத் தாங்கற ரோஜாவா பண்றவங்க, அவங்க ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு ஜானகி அம்மாள் பேரை வச்சிருக்காங்க. நீங்க விஷத்தை விட்டுட்டு அவங்க வழியில போங்க, ட்வீசரும் பொறுமையும் போதும்.

புது கலர் வந்தா நானே பேர் வைக்கலாமா? பேடண்ட் மாதிரி வாங்கணுமா?
— ராஜாஜி நகர் வாசகர்

பேர் வச்சுக் கூப்பிட யார் அனுமதியும் வேண்டாம். சட்டப்படி உரிமை வேணும்னா 2001-ல வந்த தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மத்ததுலேருந்து தனியா தெரியணும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்கணும், தலைமுறைக்கும் மாறாம நிக்கணும்னு பாத்து பதிவு பண்ணுவாங்க, பூச்செடிக்கு 15 வருஷம், மரமும் கொடியும்னா 18. ஒரு தொட்டியில ஒரு செடி பூத்த உடனே அங்க ஓடாதீங்க, கட்டிங்ல மூணு வருஷம் அதே கலர் வருதான்னு முதல்ல பாருங்க.

எல்லாருக்கும் சொல்றீங்களே, உங்ககிட்ட என்ன அபூர்வ கலர் இருக்கு?
— பேர் போடாத ஒருத்தர்

முன்னூறு செம்பருத்தி நாத்தாவது பூக்க விட்டிருப்பேன், வச்சுக்கிட்டது நாலு. மத்ததெல்லாம் அல்சூர் ஏரியைச் சுத்தி இருக்கற வீடுங்கள்ல இருக்கு, யாரும் குறை சொல்லல. நாலுல ஒண்ணு பால் கம்மியா போட்ட டீ கலர், நடுவுல குங்குமப் புள்ளி, அப்பா ஒரு ஆரஞ்சு, அம்மா ஒரு வெளிர் ஊதா, நோட்ல எழுதி வச்சிருக்கேன். மாமியார் அதுக்கு டீப்பூன்னு பேர் வச்சிருக்காங்க, சாமிக்குப் பறிக்கறதில்ல, "அழுக்குக் கலரா இருக்கு"ன்னுட்டாங்க, அதனாலதான் அது இன்னும் செடியிலயே நிக்குது. டிசம்பர் ஜனவரிக் குளிர்லதான் அந்தக் கலர் வரும், குடியரசு தினத்துக்கு லால்பாக் மலர்க் கண்காட்சிக்கு வர்றவங்க அப்படியே எங்க மாடிக்கும் ஏறி வாங்க, ஏப்ரல்ல வந்தா சாதா ரோஸ் மாதிரிதான் தெரியும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.